பீட்டா பிளாக்கர் மாத்திரை: பக்க விளைவுகள் எங்கிருந்து முளைக்கின்றன?

பிரஷருக்கோ இதயத்துக்கோ தினமும் மாத்திரை போடுகிறவரா நீங்கள்? அட்டையைத் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படித்துப் பாருங்கள். அட்டினோலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால், நெபிவோலால், ப்ரோப்ரனோலால், கார்விடிலால், லாபெட்டலால் என்று ‘லால்’ போட்டு முடிந்தால் அது பீட்டா பிளாக்கர் குடும்பத்து மருந்து. முன்பக்கத்தில் கம்பெனி பெரிதாக அச்சடித்திருக்கும் பெயர் வேறு எதுவாகவும் இருக்கலாம். அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. அதிலும் கூட்டு மாத்திரைகள் இருக்கின்றன. அம்லோடிபினும் அட்டினோலாலும் சேர்ந்தது, டெல்மிசார்டனும் மெட்டோப்ரோலாலும் சேர்ந்தது என்று மருந்துக்கடைகளில் நிறைய ஓடுகின்றன. “ஒரே ஒரு பிரஷர் மாத்திரைதான் போடுகிறேன்” என்பவரின் அந்த ஒரு மாத்திரைக்குள் இரண்டு மருந்து இருக்கக்கூடும், அதில் ஒன்று பீட்டா பிளாக்கராக இருக்கக்கூடும்.

இந்த மருந்தின் பக்க விளைவுகளை இணையத்தில் தேடினால் நீண்ட பட்டியல் வந்து விழும். சோர்வு, தலைசுற்றல், கை கால் சில்லிடுதல், மூச்சு இளைப்பு, கெட்ட கனவு, ஆண்மைக் குறைவு, சர்க்கரை இறங்கினாலும் தெரியாமல் போவது. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாததுபோல் இருக்கும். அப்படியே மனப்பாடம் செய்தால் பயம்தான் மிஞ்சும். உடம்பில் இந்த மருந்து எங்கே போய் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால், பட்டியலில் முக்கால்வாசியை நீங்களே ஊகித்துச் சொல்லிவிடலாம். இவற்றில் பெரும்பாலானவை தனியாக முளைத்த விளைவுகள் அல்ல. இதயத்தில் நமக்கு வேண்டிய அதே வேலையை மருந்து வேண்டாத இடத்திலும் செய்வதால் வருபவை.

அட்ரினலின் உட்காரும் இடங்கள்

தெருநாய் துரத்தும்போது நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, கை நடுங்குகிறது, மூச்சுக்குழாய் விரிகிறது, ஓடத் தேவையான சர்க்கரையை ஈரல் ரத்தத்தில் கொட்டுகிறது. சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி போல உட்கார்ந்திருக்கும் சுரப்பிகளிலிருந்து வரும் அட்ரினலினும், நரம்பு நுனிகளில் சுரக்கும் நார்அட்ரினலினும் செய்கிற வேலை இது. ரத்தத்தில் மிதந்தால் மட்டும் அட்ரினலினால் எதுவும் செய்ய முடியாது. உறுப்புகளின் செல்களில் அதற்கென்று இருக்கும் ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொண்டால்தான் செல் அந்தக் கட்டளையைக் கேட்கும். இந்த ஏற்பிகள் இரண்டு வகை, ஆல்ஃபா என்றும் பீட்டா என்றும் பிரிக்கலாம் என்று 1948இல் அமெரிக்காவின் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் எழுதினார். பல ஆண்டுகள் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

கண்டுகொண்டவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக். அப்போது நெஞ்சுவலிக்கு மருந்து தேடியவர்கள் இதயத்துக்குக் கூடுதல் ரத்தத்தை எப்படிக் கொண்டுபோவது என்றுதான் யோசித்தார்கள். பிளாக் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: இதயத்தின் தேவையையே குறைத்தால் என்ன? அட்ரினலின் விரட்டாவிட்டால் இதயம் நிதானமாக அடிக்கும், குறைந்த ஆக்சிஜனே போதும். ஐசிஐ என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தில் அவர் குழு முதலில் உருவாக்கிய ப்ரோனெத்தலால், எலிகளில் கட்டியை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. அடுத்து வந்தது ப்ரோப்ரனோலால். 1960களின் நடுவில் சந்தைக்கு வந்த அந்த மாத்திரையை இன்றும் மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள். பிளாக்குக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது.

பஸ் வந்து நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போமே, பீட்டா பிளாக்கர் செய்வது அதுதான். அட்ரினலின் ஏறிவந்து பார்த்தால் இருக்கையில் துண்டு கிடக்கும். துண்டு தானாக எதையும் செய்வதில்லை. மற்றவர் உட்காராமல் தடுக்கிறது, அவ்வளவுதான்.

சிக்கல் என்னவென்றால், இந்த இருக்கைகள் இதயத்தில் மட்டும் இல்லை. பீட்டா-1 எனப்படும் வகை பெரும்பாலும் இதயத்திலும் சிறுநீரகத்திலும் இருக்கிறது. சிறுநீரகத்தில் அது ரெனின் என்ற பொருளைச் சுரக்கவைத்து ரத்த அழுத்தத்தை ஏற்றும். பீட்டா-2 வகை மூச்சுக்குழாய், கை கால் தசைகளின் ரத்தக்குழாய், ஈரல் ஆகியவற்றில் இருக்கிறது. கை நடுக்கமும் இதன் வழியாகத்தான் வருகிறது. ப்ரோப்ரனோலால் இரண்டு வகையிலும் பாரபட்சமில்லாமல் துண்டு போடும். அட்டினோலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால், நெபிவோலால் ஆகியவை பீட்டா-1ஐயே அதிகம் தேடிப் போகும். ‘அதிகம்’ என்பதைக் கவனியுங்கள். டோஸ் கூடக் கூட இந்தப் பாகுபாடு மங்கிவிடும். கார்விடிலாலும் லாபெட்டலாலும் பீட்டா இரண்டையும் தடுப்பதோடு ஆல்ஃபாவையும் தடுத்து ரத்தக்குழாயை விரிக்கும்.

இனி பட்டியலுக்குப் போகலாம்.

நாடி குறைவதும் சோர்வும்

நாடி குறைவது பக்க விளைவே அல்ல, மருந்தின் வேலையே அதுதான். நெஞ்சுவலிக்காக இதைத் தரும்போது, ஓய்வாக இருக்கையில் நாடி 55 முதல் 60க்குள் இருக்கவேண்டும் என்றே மருத்துவர்கள் எதிர்பார்ப்பார்கள். “வீட்டு மெஷினில் 58 காட்டுகிறது” என்று பதறி மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு, பதறத் தேவையில்லை. 50க்குக் கீழே இறங்குகிறது, கூடவே தலை கிறுகிறுக்கிறது, நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது, கண் இருட்டுகிறது என்றால் அது வேறு கதை. அன்றே மருத்துவரிடம் பேசவேண்டும். மயங்கி விழுந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடவேண்டியதுதான். இதயத்தின் மின்னோட்டப் பாதையில் ஏற்கெனவே தடை இருப்பவர்களுக்கு இந்த மருந்து அதை இன்னும் முற்றவைக்கும். மாத்திரையைத் தொடங்கும் முன் இசிஜி எடுத்துப் பார்ப்பது அதற்காகத்தான்.

நாடியைப் பார்க்க மெஷின்கூட வேண்டாம். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு, கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். துடிப்பு தாறுமாறாக வந்தால் முழு நிமிடம் எண்ணுங்கள்.

அதிகம் பேர் சொல்லும் புகார் சோர்வுதான். மாடிப்படி ஏறும்போது கால் கனக்கிறது, முன்பு போல வேகமாக நடக்க முடியவில்லை என்பார்கள். இதயம் வேகமெடுக்க மறுக்கிறது என்பதால் இது எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால் எவ்வளவு பேருக்கு வருகிறது? 35,000க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற 15 ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் வெளியான அலசலில், வெறும் சர்க்கரை உருண்டை போன்ற போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட பீட்டா பிளாக்கர் சாப்பிட்டவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் 18 பேருக்குத்தான் கூடுதலாகச் சோர்வு இருந்தது. போலி மாத்திரை சாப்பிட்டவர்களும் கணிசமாகச் சோர்வைச் சொன்னார்கள். ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, தூக்கமின்மை, மூன்று நான்கு பிரஷர் மாத்திரை சேர்ந்து அழுத்தத்தை அதிகம் இறக்கிவிடுவது என்று சோர்வுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். எல்லாப் பழியையும் இந்த ஒரு மாத்திரைமேல் போட்டுவிட்டு மற்றதைப் பார்க்காமல் விடக்கூடாது. மருந்தால் வரும் சோர்வு பலருக்குச் சில வாரங்களில் தணியும். தணியாவிட்டால் டோஸைக் குறைப்பதோ, வேளையை மாற்றுவதோ, வேறு பீட்டா பிளாக்கருக்கு மாறுவதோ மருத்துவர் கையில் இருக்கிறது.

உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 220இலிருந்து வயதைக் கழித்து, அதில் இத்தனை சதவீதம் நாடி வரும்வரை ஓடவேண்டும் என்ற கணக்கு இந்த மாத்திரை போடுகிறவருக்குப் பொருந்தாது. கைக்கடிகாரம் காட்டும் இலக்கை எட்டுவதற்காக உடம்பை வருத்தினால் வம்புதான். நடந்துகொண்டே பேச முடிகிறது, பாட முடியவில்லை என்கிற அளவு மிதமான பயிற்சிக்குப் போதுமான அடையாளம்.

எழுந்து நின்றதும் தலைசுற்றுவது கார்விடிலால், லாபெட்டலால் சாப்பிடுவோருக்குக் கொஞ்சம் அதிகம். ஆல்ஃபாவையும் தடுப்பதே காரணம். கார்விடிலாலைச் சாப்பாட்டோடு போடச் சொல்வது இதற்காக: மருந்து மெதுவாக ரத்தத்தில் கலக்கும், அழுத்தம் சட்டென்று இறங்காது. இரவில் சிறுநீர் கழிக்க எழும் வயதானவர்கள் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருப்பது நல்லது.

ஆஸ்துமா உள்ளவர்கள் இதைத் தவறாமல் படிக்கவும்

மூச்சுக்குழாயை விரித்துவைக்கும் பீட்டா-2 இருக்கைகளில் மருந்து உட்கார்ந்துவிட்டால் குழாய் சுருங்கும். ஆஸ்துமா இல்லாதவருக்கு இது பெரும்பாலும் தெரியவே தெரியாது. ஆஸ்துமா உள்ளவருக்கு உயிருக்கே ஆபத்தாக முடியலாம். வீசிங் வந்தால் உறிஞ்சும் சால்புட்டமால் இன்ஹேலர் வேலை செய்வதும் அதே பீட்டா-2 வழியாகத்தான். ப்ரோப்ரனோலால் போட்டவருக்கு இழுப்பு வந்தால், காப்பாற்றவேண்டிய இன்ஹேலரும் சரியாகக் கேட்காது. இரட்டை அடி.

இதய மருத்துவர் இந்த விஷயத்தில் தவறுவது அரிது, “ஆஸ்துமா உண்டா?” என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுவார். என் கவலை ப்ரோப்ரனோலால் வேறு கதவு வழியாக வீட்டுக்குள் வருவதைப் பற்றியது. ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமலிருக்க, கை நடுக்கத்துக்கு, தைராய்டு அதிகமானதால் வரும் படபடப்புக்கு, மேடை பயத்துக்கு என்று பல காரணங்களுக்கு அதைத் தருகிறார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடும் வட கொரிய வீரர் கிம் ஜாங்-சுவின் இரண்டு பதக்கங்கள் பறிபோனது இந்த ப்ரோப்ரனோலாலால்தான்; கை நடுங்காமல் குறி பார்க்க உதவும் என்பதால் அந்தப் போட்டியில் அது தடை செய்யப்பட்ட பொருள். அப்படிப்பட்ட மாத்திரையை “இன்டர்வியூவுக்கு முன்னால் போட்டுக்கோ, படபடப்பு இருக்காது” என்று நண்பர் தூக்கிக் கொடுத்தால், சின்ன வயதில் வீசிங் இருந்தவர் அதை வாங்கி வாயில் போடக்கூடாது.

இன்னொரு கதவு கண் சொட்டு மருந்து. கண் அழுத்த நோய்க்குத் தரும் டிமோலாலும் பீட்டா பிளாக்கர்தான். கண்ணில் விடும் துளி கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்குள் இறங்கி நேராக ரத்தத்தில் கலக்கிறது. அந்தத் துளியால் நாடி இறங்கியவர்களும் இழுப்பு வந்தவர்களும் உண்டு. மருந்து விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் முனையை ஓரிரு நிமிடம் விரலால் அழுத்திப் பிடித்தால் உள்ளே போகும் அளவு குறையும்.

புகைபிடித்ததால் நுரையீரல் கெட்டவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு இதய நோயும் இருந்தால், பீட்டா-1ஐத் தேடிப்போகும் வகையைக் குறைந்த டோஸில் தொடங்கி, கண்காணித்தபடி தருவதுண்டு.

சர்க்கரை இறங்கும்போது மணி அடிக்காது

சுகர் உள்ளவர் இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடத் தாமதித்தால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும். சர்க்கரை இறங்குகிறது என்று அட்ரினலின் அடிக்கும் எச்சரிக்கை மணி அது. பீட்டா பிளாக்கர் நடுக்கத்தையும் படபடப்பையும் அமுக்கிவிடும். வியர்வை மட்டும் அதன் பிடிக்குள் வராது. வியர்வைச் சுரப்பிகளின் நரம்பு வேறு ரசாயனத்தைப் பயன்படுத்துகிறது. ஆகவே இந்த மாத்திரை போடும் சுகர்காரர், காரணமில்லாமல் சில்லென்று வியர்த்தாலோ, குழப்பமாகப் பேசுவதாக வீட்டில் சொன்னாலோ, படபடப்பு வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே சர்க்கரை அளவைப் பார்க்கவேண்டும். குளுக்கோமீட்டர் கையில் இல்லையென்றால் முதலில் இனிப்பு, பிறகு ஆராய்ச்சி. ப்ரோப்ரனோலால் போன்றவை ஈரல் சர்க்கரையை விடுவிப்பதையும் தடுப்பதால் இறங்கிய அளவு ஏறவும் நேரமாகும்.

இன்சுலின் போடுவோர், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுவோருக்குத்தான் இந்த அபாயம் பெரிது. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை அப்படி இறங்குவது அபூர்வம். சஷ்டி, ஏகாதசி, ரமலான் நோன்பு என்று பட்டினி கிடப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிடவேண்டும்.

மறுபக்கமும் ஒன்று உண்டு. அட்டினோலால், மெட்டோப்ரோலால் போன்றவற்றை நீண்ட காலம், அதிலும் உப்பு நீரை வெளியேற்றும் சில மாத்திரைகளோடு சேர்த்துச் சாப்பிட்டால், சுகர் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது. எடையும் ஒரு கிலோ அளவுக்கு ஏறலாம். கார்விடிலால், நெபிவோலாலுக்கு இந்தப் பழக்கம் குறைவு.

கை கால் சில்லிடுவது, கனவு, படுக்கையறை

கை கால் ரத்தக்குழாய்கள் கொஞ்சம் இறுகுவதாலும் இதயம் தள்ளும் ரத்தம் சற்றுக் குறைவதாலும் விரல்கள் சில்லிடுகின்றன. நம் ஊர் வெயிலில் இது பெரிய தொல்லையில்லை. ஊட்டியிலோ டொரன்டோவிலோ இருப்பவருக்குத் தெரியும். குளிரில் விரல் வெளுத்து நீலம் பாரிப்பவர்கள், நடந்தால் கெண்டைக்கால் வலிப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

தூக்கம் கெடுவதற்கும் விசித்திரக் கனவுகளுக்கும் காரணம், மருந்து மூளைக்குள் நுழைவது. கொழுப்பில் எளிதில் கரையும் ப்ரோப்ரனோலாலும் மெட்டோப்ரோலாலும் மூளைக்குள் தாராளமாகப் போகும். அட்டினோலால் நீரில் கரைவது, அதிகம் போகாது. இரவில் மெலடோனின் சுரக்கவும் பீட்டா-1 தேவைப்படுவதால் அதன் அளவும் குறைகிறது. கனவுத் தொல்லை தாங்காதவருக்கு மாத்திரையை மாற்றிப் பார்க்கலாம். ஆனால் இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. அட்டினோலால் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது. சிறுநீரகம் பழுதானவருக்கு அது உடம்பில் தேங்கி நாடியை அதிகம் இறக்கிவிடும். ஒரு தொல்லையைத் தவிர்க்கப் போய் இன்னொன்றை வாங்கிக்கொள்ளாமல் தேர்ந்தெடுப்பதற்குத்தான் ரத்தப் பரிசோதனை.

மனச்சோர்வு வரும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். நான் மேலே சொன்ன 2002 அலசலில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பின்னால் வந்த பெரிய தொகுப்பும் அதையே சொன்னது. அட்டாக் வந்து மீண்டவருக்கு மனம் சோர்ந்துபோவது சகஜம், அந்த நேரத்தில்தான் இந்த மாத்திரையும் தொடங்குகிறது. பழி மாத்திரைமேல் விழுந்ததில் வியப்பில்லை. மனச்சோர்வு இருந்தால் அதற்கென்று சிகிச்சை எடுக்கவேண்டும், பிரஷர் மாத்திரையை நிறுத்திப் பயனில்லை.

ஆண்மைக் குறைவு பற்றி ஆண்கள் மருத்துவரிடம் கேட்கத் தயங்கி, கேட்காமலே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இத்தாலியில் நடந்து 2003இல் வெளியான ஓர் ஆய்வு சுவாரசியமானது. இதய நோய் உள்ள 96 ஆண்களுக்கு அட்டினோலால் 50 மி.கி. கொடுத்தார்கள். என்ன மாத்திரை என்றே சொல்லப்படாதவர்களில் 3.1 சதவீதம் பேருக்குப் பிரச்சினை வந்தது. மருந்தின் பெயர் மட்டும் சொல்லப்பட்டவர்களில் 15.6 சதவீதம். மருந்தின் பெயரோடு, ஆண்மைக் குறைவு வரக்கூடும் என்றும் சொல்லப்பட்டவர்களில் 31.2 சதவீதம். மாத்திரை எல்லோருக்கும் ஒன்றுதான்! பாதிக்கப்பட்டவர்களுக்குப் பிறகு, ஆண்மைக் குறைவுக்குத் தரும் சில்டெனாஃபில் (வயாக்ரா) கொடுத்தபோதும், மருந்தே இல்லாத போலி மாத்திரையைக் கொடுத்தபோதும் ஏறத்தாழ ஒரே அளவில் குணம் தெரிந்தது. ஆக, இந்தப் பத்தியைப் படித்ததேகூட சிலருக்குப் பக்க விளைவாக முடியலாம். எல்லாமே மனப்பிரமை என்று தள்ளிவிடவும் முடியாது. மருந்தால் வருவதும் சிறிதளவு உண்டு, நெபிவோலாலுக்கு மாற்றினால் சிலருக்குச் சரியாகிறது. சுகர், புகை, ரத்தக்குழாய் அடைப்பு ஆகியவையே பல நேரம் முதல் குற்றவாளிகள். ஒன்றில் மட்டும் கவனம்: நெஞ்சுவலிக்கு நைட்ரேட் வகை மாத்திரை சாப்பிடுகிறவர் சில்டெனாஃபிலைத் தொடவே கூடாது, அழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கும்.

ஊகத்துக்கு அடங்காத ஒன்று

எல்லாப் பக்க விளைவையும் ஏற்பியை வைத்தே விளக்கிவிடலாம் என்று சொன்னால் அது பொய். 1970இல் பிரிட்டனில் ப்ராக்டலால் என்ற மாத்திரை வந்தது. ப்ரோப்ரனோலாலைத் தந்த அதே ஐசிஐயின் தயாரிப்பு. இதயத்தை மட்டும் தேடிப்போவது என்பதால் ஆஸ்துமாக்காரர்களுக்கும் பாதுகாப்பு என்று வரவேற்றார்கள். சில ஆண்டுகளில் அதைச் சாப்பிட்டவர்களுக்குக் கண் வறண்டு புண்ணாகத் தொடங்கியது, சிலருக்குப் பார்வையே போனது. தோலில் செதில், வயிற்றுக்குள் குடலைச் சுற்றிய சவ்வு தடித்துப்போவது என்று வரிசையாக வந்தது. எந்த ஏற்பியும் இதை விளக்கவில்லை. அந்த ஒரு மூலக்கூறின் குணம் அது. 1970களின் நடுவில் மாத்திரை சந்தையை விட்டுப் போனது. இன்று புழக்கத்தில் உள்ளவற்றில் அப்படி எதுவும் இல்லை. சொரியாசிஸ் உள்ள சிலருக்கு அது அதிகமாவது மட்டும் உண்டு.

திடீரென்று நிறுத்துவது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்று நீங்கள் சொன்னால் இதைத்தான் படிக்கச் சொல்வேன். மாதக்கணக்கில் இருக்கைகளில் துண்டு கிடப்பதைப் பார்க்கும் உடம்பு சும்மா இருப்பதில்லை, இருக்கைகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிடுகிறது. ஒருநாள் மாத்திரையை அடியோடு நிறுத்தினால் துண்டுகள் எல்லாம் மறைந்துபோகும், முன்பைவிட அதிகமான இருக்கைகளில் அட்ரினலின் வந்து உட்காரும். நாடி எகிறும், அழுத்தம் ஏறும், இதய ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவருக்கு நெஞ்சுவலி முற்றி அட்டாக்கே வரலாம். நிறுத்திய முதல் சில நாட்களிலிருந்து ஓரிரு வாரங்கள் வரை இந்த அபாயம் இருக்கும்.

யாரும் வேண்டுமென்றே இப்படிச் செய்வதில்லை. ஊருக்குக் கிளம்பும்போது மாத்திரையை மறந்துவிடுவார்கள். “பிரஷர் நார்மல் ஆயிடுச்சு, இனி எதுக்கு?” என்று விட்டுவிடுவார்கள். பக்க விளைவுப் பட்டியலைப் படித்துப் பயந்து நிறுத்துவார்கள். வேறு வைத்தியத்துக்கு மாறும்போது “இங்கிலீஷ் மருந்தை இன்றோடு விட்டுவிடுங்கள்” என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மையிலேயே நிறுத்தவேண்டும் என்றாலும் ஒன்றிரண்டு வாரங்களில் படிப்படியாக, மருத்துவர் சொல்லும் அளவில் குறைத்துத்தான் நிறுத்தவேண்டும். ஒருவேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள்.

பலவீனமான இதயத்துக்கு இதையா தருவது?

இதயத்தின் பம்ப் செய்யும் திறன் குறைந்தவருக்கு பீட்டா பிளாக்கர் தரவே கூடாது என்று ஒரு காலத்தில் மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தளர்ந்த குதிரையின் வேகத்தை மேலும் குறைப்பதா என்பது அவர்கள் வாதம். 1970களில் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகர மருத்துவர்கள் துணிந்து கொடுத்துப் பார்த்தார்கள். நம்பியவர்கள் குறைவு. 1999இல் பிசோப்ரோலாலையும் மெட்டோப்ரோலாலையும் வைத்து நடந்த இரு பெரிய ஆய்வுகள் வெளியாகி, இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று காட்டியபின் பாடம் தலைகீழானது. இதயத்தை ஓயாமல் விரட்டிக் கெடுத்ததே அட்ரினலின்தான் என்பது புரிந்தது.

ஆனால் கொடுக்கும் விதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. பிசோப்ரோலால் 1.25 மி.கி., கார்விடிலால் 3.125 மி.கி. என்று துக்கடா அளவில் தொடங்கி, சுமார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றிக்கொண்டே போவார்கள். முதல் வாரங்களில் உடம்பு முன்பைவிட மோசமானதுபோல் இருக்கலாம். கால் வீக்கமும் மூச்சு வாங்குவதும் கூடலாம். தினமும் காலையில் எடை பார்த்து, இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் மருத்துவருக்குப் போன் செய்யவேண்டும். பெரும்பாலும் நீர் மாத்திரையைக் கூட்டிச் சமாளித்துவிடுவார்கள். இந்தக் கட்டத்தில் பொறுமை இழந்து நிறுத்துகிறவர், மாதங்கள் கழித்துக் கிடைக்கவேண்டிய பலனை இழக்கிறார்.

இது எனக்கு எதற்கு என்று கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். வெறும் ரத்த அழுத்தம் மட்டும் உள்ளவருக்கு பீட்டா பிளாக்கரை முதல் மாத்திரையாகத் தரும் வழக்கம் தளர்ந்துவிட்டது. 2002இல் லோசார்டனோடும், 2005இல் அம்லோடிபினை அடிப்படையாகக் கொண்ட சிகிச்சையோடும் அட்டினோலாலை ஒப்பிட்ட பெரிய ஆய்வுகளில், பக்கவாதத்தைத் தடுப்பதில் அட்டினோலால் பின்தங்கியது. 2006இல் பிரிட்டனின் வழிகாட்டுதல் அதை முதல் வரிசையிலிருந்து இறக்கியது. அட்டாக்குக்குப் பிறகு தருவதிலும் கேள்வி எழுந்திருக்கிறது. இதயத்தின் பம்ப் திறன் நன்றாக இருக்கும் 5,020 பேரை வைத்து ஸ்வீடன், எஸ்டோனியா, நியூசிலாந்தில் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், பீட்டா பிளாக்கர் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் மரணத்திலோ மறு அட்டாக்கிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பம்ப் திறன் குறைந்தவர், நெஞ்சுவலி உள்ளவர், இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடுபவர் ஆகியோருக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு மருந்து இன்றும் அவசியம். அதனால் பத்து வருடத்துக்கு முன் யாரோ எழுதியதை அப்படியே தொடர்கிறவர், எக்கோ ரிப்போர்ட்டோடு போய் “எனக்கு இது எதற்காக, இன்னும் வேண்டுமா?” என்று கேட்பது நியாயமான கேள்விதான். பதில் தெரியும்வரை மாத்திரை தொடரட்டும்.

மற்ற மருந்துகளும் மற்ற மருத்துவர்களும்

வெரபமில், டில்டியாசெம் என்ற இரண்டு பெயரை நினைவில் வையுங்கள். இவையும் நாடியைக் குறைப்பவை. பீட்டா பிளாக்கரோடு சேர்ந்தால் இதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மூட்டு வலிக்கு நாமாக வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் பிரஷர் மாத்திரையின் பலனைக் குறைக்கும். மனநலத்துக்குத் தரும் பராக்ஸடினும் ஃப்ளூவாக்ஸடினும் மெட்டோப்ரோலாலின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும் பெண் முன்பே சொன்னால் அட்டினோலாலை மாற்றிவிடுவார்கள், அது குழந்தையின் எடையைக் குறைக்கக்கூடும். கர்ப்ப காலத்தில் அதிகம் பழக்கமானது லாபெட்டலால்.

அறுவை சிகிச்சைக்குப் போகும்போது மயக்க மருந்து தரும் டாக்டரிடம் மாத்திரை அட்டையையே காட்டிவிடுங்கள். வெறும் வயிறாக வரச் சொன்னார்களே என்று அன்று காலை மாத்திரையை நீங்களாக விட்டுவிடாதீர்கள். வழக்கமாகச் சாப்பிடுகிறவரைப் பெரும்பாலும் ஒரு மடக்குத் தண்ணீரோடு போட்டுக்கொண்டே வரச் சொல்வார்கள். வேர்க்கடலை, இறால், தேனீக் கொட்டு, ஊசி மருந்து என்று எதற்காவது கடும் ஒவ்வாமை வந்த வரலாறு இருந்தால் அதையும் சொல்லவேண்டும். அந்த நெருக்கடியில் உயிர் காப்பது அட்ரினலின் ஊசி, அது உட்காரவேண்டிய இடங்களையோ நாம் அடைத்துவைத்திருக்கிறோம். ஊசி போட்டும் அழுத்தம் ஏறாவிட்டால், பீட்டா ஏற்பியைத் தொடாமல் வேறு வழியாக இதயத்தைத் தூண்டும் குளுக்ககான் என்ற மருந்தை மருத்துவர்கள் தருவார்கள். ஆனால் நீங்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று உடன் வந்தவர் சொன்னால்தான் அவர்களுக்கு அது தோன்றும். மாத்திரையின் பெயரை எழுதிய ஒரு சீட்டைப் பர்ஸில் வைத்து, வீட்டில் ஒருவருக்கும் காட்டி வையுங்கள்.